4,29,49,67,297 என்னும் எண்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்னும் எண், கணித வரலாற்றில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பகா எண்ணாகக் கருதப்பட்டு வந்தது. 2-ஐ முப்பத்திரண்டு முறை தன்னால் பெருக்கி வரும் தொகையுடன், அதாவது 2-இன் 32ஆம் அடுக்குடன், ஒன்றைக் கூட்டினால் இவ்வெண் கிடைக்கும்.

பிரெஞ்சுக் கணிதரான பெர்மா, 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டி 3, 5, 17, 257, 65,537 என்னும் எண்களைப் பெற்றார். ஐந்தும் பகா எண்களே. அடுக்கை இரட்டித்துக்கொண்டே சென்றால் வருவன யாவும் அவ்வாறே இருக்கும் என்று 1640-இல் அவர் எழுதினார்; ஆயினும் அதனை நிறுவ இயலவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

1729-இல் கோல்டுபாக் என்பவர் ஒரு கடிதத்தில் இக்கூற்றை ஆய்லரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். 1732-இல் ஆய்லர் அடுத்த எண்ணை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார்.

இதனைச் சரிபார்க்க நீண்ட பெருக்கல் வேண்டுவதில்லை. மீதிகளைக் கொண்டே கரும்பலகையில் செய்து காட்டலாம். ஓர் எண்ணுக்குப் பதிலாக அதன் மீதியை வர்க்கப்படுத்தினாலும் இறுதியில் வரும் மீதி மாறாது என்பதே இங்குத் தேவைப்படும் உண்மை. 2-இன் 8ஆம் அடுக்கு 256. அதன் வர்க்கம் 65,536. இதனை 641-ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. இனி 154-இன் வர்க்கம் 23,716. 641-ஐ 37-ஆல் பெருக்கினால் 23,717. ஒன்று மட்டுமே குறைகிறது. ஆகவே 32ஆம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 640. அதனுடன் ஒன்றைக் கூட்ட, மீதியின்றி வகுபடுகிறது.

641-ஐக் கண்டுபிடித்தது எங்ஙனம்? நேர்முறையில் தேடினால் 65,536-க்கு உட்பட்ட 6,542 பகா எண்களையும் சோதிக்க நேரிடலாம். ஆனால் இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவே இருக்கும். இத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரிசையாக வருகின்றன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது! பெர்மா அதே 1640-இல் கூறிய மற்றொரு தேற்றத்தினின்றே இவ்விதியைப் பெறலாம். அத்துணைக் கைதேர்ந்தவர் இதனைத் தவறவிட்டது வியப்பே.

இவ்வெண்கள் பயனற்ற வேடிக்கையல்ல. 1796-இல் கௌஸ், 17 சமபக்கங்களையுடைய ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று கண்டபோது, பெர்மாவின் பகா எண்களே அதற்கு அடிப்படையாயின.

65,537-க்கு மேற்பட்ட பெர்மா பகா எண் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அதனையடுத்து வரும் இருபத்தெட்டு எண்களும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுள்ளன. அதற்கடுத்த எண் 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களையுடையது. அது எவ்வகையைச் சார்ந்தது என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.