பிளஸ் குறி எங்கே போச்சு?

கிண்டி ஆபீஸில் அரை நாளைத் தின்ற ஒரு எரர் மெசேஜ் பற்றிய குறிப்பு இது. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

வார்டு ஸ்கிரீனில் "புதிய ரிசல்ட் இல்லை" என்றே வந்துகொண்டிருந்தது. லேபில் கேட்டால், ரிசல்ட் எப்பவோ ரெடி என்கிறார்கள். லாகைத் திறந்து பார்த்தேன். சர்வர் திரும்பத் திரும்ப ஒரே வரியைச் சொல்லியிருந்தது: "தேதி வடிவம் தவறு."

நாங்கள் அனுப்பிய தேதியின் கடைசியில் +05:30 என்று இந்திய நேர மண்டலம் இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் வடிவம் சரிதான். அப்புறம் என்ன தவறு?

ஃபையர் (எஃப்.ஹெச்.ஐ.ஆர்.) என்பது மருத்துவத் தகவல்களைப் பரிமாறிக்கொள்ள எச்.எல்.7 அமைப்பு வகுத்த தரநிலை. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் இதைத்தான் பயன்படுத்துகிறது. "இந்த நேரத்துக்குப் பிறகு வந்த ரிசல்ட்டைக் கொடு" என்ற கேள்வி, இதில் சாதாரண வெப் முகவரியாகவே போகும். வெப் முகவரியின் கேள்விப் பகுதியில் பிளஸ் குறிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு: அதை இடைவெளியாகப் படிப்பார்கள். ஆக, நாங்கள் +05:30 என்று அனுப்பினோம். சர்வர் கையில் கிடைத்தது வெறும் இடைவெளியும் 05:30-ம். அது பார்த்த தேதி நிஜமாகவே தவறு!

பிளஸ் குறியைச் சங்கேதமாக்கி (சதவீதக் குறி, 2, பி) அனுப்பினால் தீர்ந்தது. அமெரிக்காவில் சோதித்திருந்தால் இது சிக்கியே இருக்காது. அங்கே நேர மண்டலங்கள் எல்லாம் மைனஸ். மைனஸை யாரும் தொடுவதில்லை. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிற நமக்குத்தான் இந்தப் பள்ளம்.

சரி, சர்வர் மேல் மட்டும் பழி போடலாமா? எங்கள் ப்ரோக்ராம் செய்தது அதைவிட மோசம். எரர் வந்ததும் அதை விழுங்கிவிட்டு, காலிப் பட்டியலை வார்டுக்குக் காட்டியது. "கேட்க முடியவில்லை" என்பதும் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றா? ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் டாக்டருக்கு இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம்.

இந்த வகைப் பிழை உயிரையே வாங்கியிருக்கிறது. 1986 மார்ச் மாதம், டெக்சாஸின் டைலர் நகரில், தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று காட்டியது. கூடவே, கொடுத்த அளவு குறைவு என்றும் காட்டியது. கருவியின் பக்கவாட்டில் இருந்த தாளில் அந்த எண்ணுக்கு இருந்த விளக்கம் "டோஸ் இன்புட் 2". அவ்வளவுதான். ஆபரேட்டர் தொடரும் பொத்தானை அழுத்தினார். உண்மையில் நோயாளி மேல் பாய்ந்தது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு. சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

எங்கள் கதையில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் பாடம் ஒன்றேதான். எரர் மெசேஜ், ப்ரோக்ராம் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறது. கல்லைப் போட்ட இடத்தை அல்ல. அதனால் இப்போதெல்லாம் நான் எழுதும் மெசேஜில் தீர்ப்போடு சாட்சியும் இருக்கும்: "தேதி வடிவம் தவறு" என்பதோடு, கைக்கு வந்து சேர்ந்த எழுத்துக்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுவிடுவேன். நோயாளியின் பெயர், எண் போன்றவற்றை மட்டும் மறைத்துவிட்டு.

அந்த மேற்கோள் குறி அன்றைக்கு இருந்திருந்தால், காணாமல் போன பிளஸ் ஐந்தே நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும்.