நாக்கில் ஒட்டிக்கொண்ட சொற்கள்

கைபேசியில் யாருக்கோ அனுப்பிய குரல் பதிவை மறுபடி ஓட்டிக் கேளுங்கள். 'வந்து', 'ஆக்சுவலி', 'நான் என்ன சொல்றேன்னா' வரும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போடுங்கள். இரண்டே நிமிடப் பேச்சில் எனக்குப் பத்தொன்பது கோடுகள் விழுந்தன. கூட வேலை பார்த்தவர்கள் யாரும் அதுவரை சொன்னதில்லை. சொன்னால் மனம் நோகுமே என்று தயங்கியிருப்பார்கள்.

எல்லாத் தயக்க ஒலியும் தவறல்ல. ஆங்கிலத்தின் 'அ', 'அம்' இரண்டும், பேச்சு சற்றுத் தாமதமாகப் போகிறது என்று கேட்பவருக்கு முன்கூட்டிச் சொல்லும் சொற்களே என்று ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகிய ஆய்வாளர்கள் 2002-ல் வாதிட்டார்கள். எரிச்சலூட்டுவது வேறு. ஒத்துக்கொள்ளும்போதுகூட 'இல்ல, இல்ல' என்று தொடங்குவது, அடுத்தவர் வாக்கியத்தைப் பாதியில் பிடுங்கி முடிப்பது, வரிக்கு வரி 'புரியுதா?' என்று கேட்பது. இந்தக் கடைசியைத்தான் நான் மோசமானதாக நினைக்கிறேன். எதிரே இருப்பவரை அது பள்ளிக்கூட பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறது.

பெங்களூரில் தமிழர்களான நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்குக் கன்னடத்தின் மரியாதைச் சொற்கள் தெரியும். வேலைக்காகப் புதிதாக வருகிறவர்களோ நண்பர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுப் பழகுகிறார்கள். 'பா', 'ஹோகு', 'ஹேளு' என்ற ஒருமை அப்படியே நாக்கில் தங்கிவிடுகிறது. வயதான ஆட்டோ ஓட்டுநரிடம் 'பா' என்பது, நம் ஊர்ப் பெரியவரை 'வா' என்று கூப்பிடுவதற்குச் சமம். மொழியை முன்வைத்து எளிதில் உரசல் வரும் நகரத்தில் அந்த ஓரெழுத்து போதும், வாடகைப் பேச்சு சண்டையாகிவிடும். 'பன்னி' என்று சொல்லத் தமிழ்க் காதுக்குக் கூச்சமாக இருக்கலாம். கன்னடத்தில் அது 'வாங்க'. 'ஹோகி', 'ஹேளி' என்று மற்றவற்றையும் பழகிக்கொள்ளுங்கள்.

சில சொற்கள் எரிச்சலோடு நிற்பதில்லை. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் பார்வை படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவுப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சாதிப் பெயர் சொல்லிப் பிறர் முன்னால் திட்டுவதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

அலுவலகத்தில் பெண்களிடம் பாலியல் சாயலோடு பேசிவிட்டு, 'நான் எல்லார்கிட்டயும் இப்படித்தான்' என்று நழுவுவதும் செல்லாது. பேசியவரின் நோக்கத்தைவிட, அந்தப் பேச்சு அந்தப் பெண்ணை எப்படிப் பாதித்தது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. பாதிக்கப்பட்டவர், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றாலோ, புகாரே முதலாளிமீது என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

சரி, நாக்கை எப்படித் திருத்துவது? நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் பழக்கத்தை மாற்றும் முறையொன்றை வெளியிட்டார்கள். பழக்கம் தலைதூக்கும் கணத்தை முதலில் கண்டுகொள்ள வேண்டும்; பிறகு அந்த இடத்தில், அதோடு சேர்ந்து நடக்கவே முடியாத வேறொன்றைச் செய்ய வேண்டும். பேச்சில் அந்த வேறொன்று மௌனம்தான். 'வந்து' வரப்போகிறது என்று தெரிந்ததும் உதட்டை மூடி மூச்சை விடுங்கள். உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த இடைவெளி கேட்பவருக்கு உறுத்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு சொல் போதும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்: அந்தச் சொல் வந்ததும் மேசையை விரலால் ஒருமுறை தட்டட்டும். பிறர் முன்னால் வேண்டாம்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். திக்கிப் பேசுவது திருத்த வேண்டிய கெட்ட பழக்கம் அல்ல. தன்னை மீறி ஒலியும் சொல்லும் வெளிப்படும் டூரெட் பாதிப்பும் அப்படித்தான். திக்கும் குழந்தையிடம் 'ஒழுங்கா பேசு' என்று அதட்டினால் பயம்தான் கூடும். அது சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும், 1965-ல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரென நாக்குக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.