உஷார்! கழுத்துக் கட்டி எல்லாம் டிபி அல்ல

கழுத்தில் நெறிக்கட்டு, மாலையானால் காய்ச்சல், ராத்திரியில் சட்டை நனைய வியர்வை, உடம்பு இளைப்பு. நம் ஊரில் இதைக் கேட்டதுமே ‘டிபியாக இருக்கும்’ என்பார்கள். பல சமயம் அதுதான். ஆனால், இதே வேஷத்தில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்க் கணுப் புற்றுநோயும் வரும். இளவயதுக்காரர்களை அதிகம் தாக்குவது இது. டிபி என்றே நம்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு, நோய் முற்றிய பிறகு வந்து நிற்பவர்கள் உண்டு.

இதில் எங்கே ஏமாறுகிறோம்? கட்டி பெரிதாக இருந்தாலும் அதிலுள்ள புற்றுச் செல்கள் மிகச் சொற்பம். பல நேரம் நூற்றுக்கு ஒன்றிரண்டுகூடத் தேறாது. மீதியெல்லாம் அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சாதாரண எதிர்ப்புச் செல்கள். தேடவேண்டியது ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்ற அந்தப் புற்றுச் செல்லை. ஆந்தையின் இரு கண்கள் போல இரட்டை உட்கருவோடு மைக்ராஸ்கோப்பில் முறைக்கும். ஊசி குத்தி உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையில் அது சிக்காமலே போகலாம். போதாக்குறைக்கு, டிபியில் காணும் கிரானுலோமா என்ற செல் திரள் சில சமயம் இந்தக் கட்டியிலும் தென்படும். 1898இல் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லை விவரித்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கே நோயை டிபியின் ஒரு வகை என்றுதான் நினைத்தார். இல்லை, இது தனி நோய் என்று 1902இல் டாரதி ரீட் எடுத்துக்காட்டினார்.

ஆகவே, கவனம்:

* இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாத கட்டியை, வலியில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

* ஊசிப் பரிசோதனையில் தெளிவு கிடைக்காவிட்டால், கணுவை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்யலாமா என்று கேளுங்கள். ஒரு பகுதி ஃபார்மலினில் பயாப்ஸிக்கும், இன்னொரு பகுதி ஃபார்மலின் படாமல் டிபி பரிசோதனைக்கும் போகவேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி வளராது.

* புற்றுச் செல்லை அடையாளம் காண உதவும் சிடி30, சிடி15 சாயப் பரிசோதனை தேவையா என்றும் விசாரியுங்கள்.

* பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம். லிம்ஃபோமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.

* டிபி சிகிச்சையில் இருக்கும்போது கட்டி பெரிதானால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டிபி கட்டியும் சிலருக்கு நடுவில் வீங்கும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பயாப்ஸி செய்தால் புற்று பரவிவிடும் என்ற பேச்சை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, சிகிச்சையில் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிற புற்றுநோய். காலம் தாழ்த்துவதுதான் ஆபத்து.