உங்களுக்குத் தெரியுமா? ஈதர்நெட்டில் ஓடும் ஸ்டோரேஜ்

1973-இல் ஜெராக்ஸின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். இன்று 400 கிகாபிட் ஸ்விட்சே வந்துவிட்டது. ஆனால் ஒரு குணம் மட்டும் போகவில்லை: நெரிசல் வந்தால் பாக்கெட்டைக் கைவிட்டுவிடும். ஸ்டோரேஜுக்கு அதுதான் எமன்.

ஸ்டோரேஜ் பெட்டிகளைக் கூட்டக் கூட்ட வேகம் படுத்துவிடுவதும் உண்டு! ஒரு சர்வர் பெரிய ஃபைலைக் கேட்கிறது. துண்டுகளை வைத்திருக்கும் பெட்டிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் பதில் அனுப்ப, சர்வருக்குப் போகும் ஒற்றை போர்ட்டின் பஃபர் நிரம்பி வழிகிறது. இதற்குப் பெயர் இன்காஸ்ட். கடைசிப் பாக்கெட்டுகளே தொலைந்துவிட்டால், லினக்ஸின் டிசிபி வழக்கமாகக் குறைந்தது 200 மில்லி விநாடி பொறுத்துத்தான் மறுபடி அனுப்பும். 10 கிகாபிட் கேபிளில் அதற்குள் 250 மெகாபைட் போயிருக்கும். வேகம் குறைகிறது என்று புது கேபிள் வாங்குமுன், ஸ்விட்ச் போர்ட்டின் 'டிராப்' கவுண்டரைப் பாருங்கள்.

'கொஞ்சம் நிறுத்து' என்று பெறுபவர் கேட்க வழி செய்தது 1997-இல் வந்த பாஸ் ஃபிரேம். 10 கிகாபிட்டில் ஒரு பாஸ், அதிகபட்சம் 3.36 மில்லி விநாடி நிறுத்தும். சிக்கல் என்னவென்றால், ரயில்வே கேட் போட்டால் ஆம்புலன்ஸும் நிற்பதுபோல, அந்த கேபிளில் வரும் எல்லாமே நின்றுவிடும். 2011-இல் வந்த பிஎஃப்சி, போக்குவரத்தை 8 வகுப்பாகப் பிரித்து, ஸ்டோரேஜ் வகுப்பை மட்டும் நிறுத்த வழிவிட்டது. அதுவும் அளவு மீறினால், நிறுத்தம் ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்குப் பின்னோக்கிப் பரவும். அதனால் பஃபர் நிரம்பும் முன்பே பாக்கெட்டில் குறி போட்டு, அனுப்புபவரை மெதுவாக்கும் இசிஎன் முறையே முதலில் வேலை செய்ய வேண்டும். பிஎஃப்சி கடைசித் தடுப்பாக இருக்கட்டும்.

நெரிசல் போக, ஃபிரேமின் அளவையும் கவனிக்க வேண்டும். 1500 பைட் ஃபிரேம்களால் 10 கிகாபிட்டை நிரப்ப, விநாடிக்கு 8 லட்சத்துக்கும் மேல் ஃபிரேம்கள் வேண்டும். 9000 பைட் ஜம்போ ஃபிரேம் என்றால் சுமார் 1.38 லட்சம் போதும். பிராசசருக்கு அவ்வளவு வேலை மிச்சம். ஆனால் வழியில் ஒரே ஒரு ஸ்விட்ச் 1500-லேயே இருந்தால் வந்தது வினை. லாகின் ஆகும், சாதாரண பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் அப்படியே நிற்கும். 'துண்டாக்காதே' என்ற கட்டளையோடு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி ஹெடர் 8 சேர்ந்தால் சரியாக 9000!

இரண்டு 10 கிகாபிட் கேபிளைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு டிசிபி இணைப்புக்குப் பொதுவாக 20 கிடைக்காது. பாக்கெட்டுகள் வரிசை மாறாமலிருக்க, ஸ்விட்ச் அந்த இணைப்பை ஒரே கேபிளில்தான் விடும். ஸ்டோரேஜை ஈதர்நெட் வழியே இணைக்கும் ஐ-ஸ்கஸியில் இரண்டு கேபிளுக்கும் தனித்தனி ஐபி கொடுத்து, இரு வழியையும் பயன்படுத்தும் மல்டிபாத் போட்டால் இரண்டும் உழைக்கும்.