லட்சக்கணக்கில் கொட்டியும் காலை வாரும் கம்பெனி சாப்ட்வேர்! கோளாறு எங்கே?

திருப்பூர்:

பனியன் கம்பெனிகளில் ஆர்டர், நூல் கொள்முதல், ஸ்டாக், சம்பளம், பில் எல்லாத்தையும் ஒரே இடத்தில் இணைக்க ஈ.ஆர்.பி. சாப்ட்வேர் வாங்குகிறார்கள். ஆனால் வாங்கின பிறகும் நோட்டுக் கணக்கு தனியா, கம்ப்யூட்டர் கணக்கு தனியா ஓடுவது உண்டு. ஏன் இப்படி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

5 கிலோ எங்கே?

சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போகிறது என வைத்துக்கொள்வோம். திரும்பி வரும்போது 95 கிலோதான் இருக்கும். இதை 'பிராசஸ் லாஸ்' என்பார்கள். தொழிலில் இது சகஜம். ஆனால் சாப்ட்வேரில் அதற்கு இடம் வைக்காவிட்டால் "5 கிலோ எங்கே?" என்று கேட்கும். பழி குடோன் ஊழியர் தலையில் விழும். எதற்கு வம்பு என்று அவர் 100 கிலோ என்றே பதிந்துவிடுவார்.

அப்புறம் என்ன? கம்ப்யூட்டரில் துணி இருக்கும், குடோனில் இருக்காது. கட்டிங்கில் பீஸ் குறையும். கப்பலில் போக வேண்டிய சரக்கை சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். லாபம் அதிலேயே போச்சு!

வெளிநாட்டிலும் அடி

இதில் பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. ஜெர்மனியின் லிடில் கடைகள் சரக்கை வாங்கின விலையில் மதிப்பிடும். எஸ்.ஏ.பி. சாப்ட்வேரோ விற்பனை விலையில் மதிப்பிடும். வழக்கத்தை விடாமல் சாப்ட்வேரை வளைக்கப் பார்த்தார்கள். சுமார் 50 கோடி யூரோ செலவான பின் 2018-ல் திட்டமே கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் சீசன் நெருங்கும் நேரத்தில் புது சாப்ட்வேருக்கு மாறியது. சரக்கு கையில் இருந்தும், சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திண்டாடியது.

என்ன செய்யலாம்?

* ஒரு ஆர்டர் நூலில் தொடங்கி பேக்கிங் வரை எப்படிப் போகுதுன்னு முதலில் பேப்பரில் எழுதுங்கள். முதலாளி மட்டும் பேசினால் போதாது. குடோன்காரர், சூப்பர்வைசர், பவர்டேபிள்காரரையும் உட்கார வையுங்கள்.

* கிலோவில் போய் பீஸாக வருவது, பிராசஸ் லாஸ், ஜாப் ஒர்க் டெலிவரி சலான் ஆகியவை சாப்ட்வேரில் கட்டாயம் இருக்கணும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன துணி பொதுவாக 1 வருடத்துக்குள் திரும்பணும்.

* துண்டுச்சீட்டில் கணக்கு, வாய்வழி ஆர்டர் போன்ற பழக்கங்களை விட்டுவிடுங்கள். இதற்காகவெல்லாம் சாப்ட்வேரை மாற்றச் சொல்லக்கூடாது.

* சீசனில் மாறாதீர்கள். ஒரு ஆர்டரை மட்டும் ஓட்டிப் பார்த்து, கணக்கு சரியா வந்த பிறகு நோட்டை மூடுங்கள்.

சட்டை தைக்கும் ஊருக்குச் சொல்லியா தரணும்? அளவு எடுத்த பிறகுதானே கத்தரி வைக்கணும்!