"பிள்ளையை விட்டுட்டுப் போங்க" என்றால் போகாதீர்கள்!

மனநோய் விடுதியில் சிறுவர்களைக் காக்கும் சட்டம்

பள்ளிகொண்டா-

"பையனை விட்டுட்டுப் போங்க. மாசா மாசம் பணம் கட்டினா போதும்!"

சித்தம் கலங்கிய பிள்ளையையோ, போதையில் மூளை குழம்பிய பிள்ளையையோ சேர்க்கப் போகும் பெற்றோரிடம் மனநோய் விடுதிக்காரர் இப்படிச் சொன்னால், அது சட்ட விரோதம்.

பள்ளிகொண்டா, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் ஏராளம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். உஷார்!

28 பேர் பலி

2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ஏர்வாடியில் ஒரு மனநோய் விடுதியின் கூரைக் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. நோயாளிகளின் காலில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இதை விசாரணைக்கு எடுத்தது.

இப்போது உள்ளது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அது.

கூடவே இருக்கணும்

18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு 87-வது பிரிவில் தனிப் பாதுகாப்பு உண்டு.

பிள்ளை உள்ளே இருக்கும் நாள் முழுக்கப் பெற்றோர் கூட இருக்க வேண்டும். வேலை இருந்தால் பாட்டியையோ, அத்தையையோ வைக்கலாம். பெண் பிள்ளைக்குத் தகப்பனார்தான் பொறுப்பு என்றால், துணைக்குக் கட்டாயம் ஒரு பெண் வேண்டும்.

பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. பெற்றோர் "அனுப்புங்க" என்றால் அனுப்பியாக வேண்டும்.

சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 7 நாளைக்குள் வாரியம் பரிசீலிக்கும்; பிறகு 30 நாளைக்கு ஒரு தடவை பரிசீலிக்கும்.

ஷாக் வைத்தியமா? பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

பாகாயத்தில்...

இது நம்ம ஊருக்குப் புதுசு அல்ல. வேலூர் பாகாயம் சி.எம்.சி. மனநல மையத்தில், குடும்பத்தார் கூடத் தங்கி வைத்தியம் பார்ப்பது நெடுநாள் வழக்கம்.

யாரிடம் சொல்வது?

சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வாரியத்தின் விலாசம் சுவரில் இருக்கிறதா, பாருங்கள். இருக்க வேண்டும் என்பது சட்டம்.

சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கே 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யலாம். வக்கீலுக்குக் காசு இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.