வெறும் மணலும் கடலுமா?



சுற்றுலா போனால் நாம் எல்லோரும் போட்டோ எடுக்கிறோம். மலை, அருவி, கடல், கோபுரம் என்று எதையும் விடுவதில்லை. பல வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? எந்த ஊர்? எந்த வருஷம்? யார் போனது, எதுக்குப் போனது? ஆள் இருக்கிற படம் என்றால் முகத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம். இடத்தை மட்டும் எடுத்த படத்துக்கு நினைவு ஒன்றுதான் துணை. இதைத் தனுஷ்கோடியை வைத்து விளக்குகிறேன்.

தனுஷ்கோடி அன்றும் இன்றும்

இராமேசுவரம் தீவின் கடைசி முனைதான் தனுஷ்கோடி. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போனது. ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோவில் எல்லாம் இருந்த ஊர் அது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு நிறையப் பேர் போய், இடிந்த மாதா கோவில் சுவர் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.

ஒரு உதாரணம்

என் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. முன்னால் மணல், அப்புறம் கடல், தூரத்தில் மை தொட்டு இழுத்த மாதிரி கொஞ்சம் புகை. ஒரு ஆள் கிடையாது. பின்னால் பென்சிலில் 1963 என்று மட்டும் எழுதியிருக்கும்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வெறும் மணல எதுக்கு வச்சிருக்க?" என்று கேட்டார்.

"மணலு இல்லப்பா. எங்க மாமா போற கப்பலு அது" என்றது அப்பத்தா.

அப்போது அப்பத்தாவுக்குப் பன்னிரண்டு வயசாம். கொழும்பில் கடை வேலைக்குப் போன மாமாவை வழியனுப்பக் குடும்பமே தனுஷ்கோடிக்கு ரயிலில் போயிருக்கிறது. கப்பல் கிளம்பிய பிறகு மாமாவின் கூட்டாளி கேமராவில் எடுத்த படம் அது. மறு வருஷமே அந்தத் துறைமுகமும் இல்லை, அந்த ஊரும் இல்லை. மாமா அதற்கப்புறம் ஊருக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தாராம்.

இப்போது அப்பத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தாயி, பொக எங்கிட்டு இருக்கு?" என்று கேட்கும். நான் அதன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பேன். அது யார் போன கப்பல் என்று பார்த்துத் தெரிந்த ஒரே ஆள் அப்பத்தாதான். அதனால் அது சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுப் படத்தோடு வைத்திருக்கிறேன்.

படத்தைப் படிப்பது எப்படி?

சில விஷயங்களைப் படமே சொல்லும். பாம்பனில் எடுத்த படத்தையே பாருங்கள். பழைய ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு கதவு மாதிரி பிரிந்து திறந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே மேலே உயரும். எந்தப் பாலம் தெரிகிறது என்று பார்த்தால் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அன்று அங்கே எதுக்குப் போனோம் என்பதைப் பாலம் சொல்லாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. படத்தின் பின்னால் ஊர், வருஷம், போனவர்கள் பெயர், போன காரணம் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.
2. பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது. தனித் தாளில் எழுதிப் படத்தோடு கவரில் போடுங்கள்.
3. கலர் படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சாயம் வெளுத்துவிடும்.
4. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்த்து இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே அதை இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
5. செல்போன் படத்தில் தேதி தானாகப் பதியும். கதை பதியாது. முக்கியமான படங்களையாவது பிரிண்ட் போட்டு எழுதி வையுங்கள்.

தோழிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் இப்படி ஆள் இல்லாத படம் ஒன்றாவது இருக்கும். இந்த வாரமே அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். படம் இன்னும் பல வருஷம் இருக்கும். பதில் சொல்கிறவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி